கம்மி பட்ஜெட்ல இன்டர்நேஷனல் சைக்கிளிங் டீம் ஆரம்பிக்கணும்னா எதுல இருந்து தொடங்கணும்?

கேள்வி சுருக்கமா இதுதான்: நல்லா ஓட்டுற ஆறேழு பசங்க இருக்காங்க, கூட நிக்க ரெண்டு மூணு நண்பர்கள் இருக்காங்க, கொஞ்சம் காசு பொரட்ட முடியும், உள்ளூர் ரேஸோட நிக்காம வெளிநாட்டுல போய் ஓட்டுற மாதிரி சின்னதா ஒரு ப்ரொஃபஷனல் டீம் ஆரம்பிக்கணும், எவ்ளோ ஆகும், எங்க ஆரம்பிக்கணும், எந்த சைக்கிள் வாங்கணும். நான் ஆசியா பக்கம் நடக்குற ஸ்டேஜ் ரேஸ்கள்ல, அதாவது தினம் ஒரு கட்டமா பல நாள் ஓடுற ரேஸ்கள்ல, சின்ன டீம்களுக்கு டிக்கெட், விசா, சாமான் ஏத்தி இறக்குற வேலையெல்லாம் பாத்தவன், அதனால தெரிஞ்சதை நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுக்குக் கீழதான். அந்த வருஷம் முழுக்க ஆகப்போற காசு கைக்கு வர்ற வரைக்கும், இல்லன்னா எழுத்துல உறுதியாகி முதல் தவணையாவது பேங்க்ல விழுற வரைக்கும், எந்த ரைடர்கிட்டயும் கையெழுத்து வாங்காதீங்க. சைக்கிள் எதுன்னு கடைசியா பாத்துக்கலாம், ஜெர்சி கலர் அதுக்கும் அப்பறம். பெரும்பாலான புது டீம் இதைத் தலைகீழாத்தான் செய்யுது, லோகோ டிசைன் பண்ணி, பசங்களை சேத்து, போட்டோஷூட் எடுத்து, அந்த போட்டோவைக் காட்டி ஸ்பான்சர் தேடுறாங்க, ஸ்பான்சர் பாதி குடுக்கிறேன்னு சொல்லி மே மாசம் கைய விரிச்சுடறான், அப்ப நடுவுல மாட்டிக்கிறது 21 வயசுப் பையன், அவன் படிப்பையோ வேலையையோ விட்டுட்டு வந்திருப்பான்.

இப்ப அமைப்பு எப்படின்னு பாப்போம். உலக சைக்கிளிங்கை நடத்துறது யூசிஐ, ஆபீஸ் சுவிட்சர்லாந்துல ஏகிள்ங்கிற சின்ன ஊர்ல இருக்கு. ஆண்கள் ரோடு ரேஸ்ல டீம்கள் மூணு தட்டு. மேல இருக்கிறது வேர்ல்ட் டீம், டூர் டி ஃபிரான்ஸ்ல டிவில பாக்குறோமே அவங்க, மொத்தம் 18 லைசென்ஸ்தான். அடுத்தது ப்ரோ டீம். மூணாவது கான்டினென்டல் டீம், நீங்க கேக்குறது இதைத்தான். இந்த மூணாவது தட்டு 2005ல வந்த மாத்தத்துல உருவானது, இதுக்கு நேரா யூசிஐ வாசல்ல போய் நிக்க முடியாது, உங்க நாட்டு சைக்கிளிங் ஃபெடரேஷன் முதல்ல உங்களை ஏத்துக்கணும், அப்பறம்தான் யூசிஐல பதிவு. கம்பெனியா இருக்கணுமா சங்கமா இருக்கலாமா, பேங்க் கேரன்டி எவ்ளோ, ரைடர் கான்ட்ராக்ட் எப்படி இருக்கணும், எல்லாமே பெரும்பாலும் அந்த ஃபெடரேஷன் கையில. அதனால ஒரு நாட்டுல சுலபமா இருக்கும், பக்கத்து நாட்டுல தாவு தீந்துடும். இதைத் தெரிஞ்சுக்காம பட்ஜெட் போடவே முடியாது, ஃபெடரேஷன் ஆபீஸுக்கு நேர்ல போய் இந்த வருஷ விதிமுறையை எழுத்துல வாங்குங்க.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. டீம்ல பெரும்பான்மை ரைடர்கள் எந்த நாட்டுக்காரங்களோ அந்த நாட்டு ஃபெடரேஷன்தான் அந்த டீமைப் பதிவு பண்ண முடியும். எங்க பதிவு சுலபமோ அங்க பண்ணிக்கிட்டு, உலகம் பூரா இருந்து ஆள் எடுக்கலாம்னு கணக்கு போட்டா நடக்காது. ரைடர் எண்ணிக்கை குறைஞ்சது 10, அதிகபட்சம் 16. பத்துலயே நில்லுங்க. ஒரு ரேஸுக்கு போறது ஆறு பேர் அளவுதான், பதினாறு பேர் இருந்தா பாதிப் பேர் வீட்ல உக்காந்து கசப்பாவாங்க, செலவும் ஏறும்.

ஆனா என்னைக் கேட்டா முதல் வருஷமே கான்டினென்டல் லைசென்ஸ் எடுக்காதீங்க. ரேஸ்களுக்கு ஒரு தர எண் இருக்கும், 1.2, 2.2, 2.1 இந்த மாதிரி. முதல் எண் 1ன்னா ஒரு நாள் ரேஸ், 2ன்னா ஸ்டேஜ் ரேஸ், புள்ளிக்கு அப்பறம் வர்றது தரம், அந்த எண் சின்னதா இருந்தா ரேஸ் பெருசு. 2.2 தரத்துல கான்டினென்டல் டீம்களோட தேசிய அணி, மாநில அணி, சாதாரண க்ளப் அணியும் ஓட்டலாம், ஆர்கனைசர் கூப்பிட்டா போதும். அதனால முதல் வருஷம் க்ளப் பேர்ல ரெண்டு மூணு 2.2 ரேஸுக்குப் போங்க. அங்க போனாத்தான் உங்க பசங்க எந்த அளவுல இருக்காங்கன்னு தெரியும், ஏன்னா உள்ளூர்ல சாம்பியனா இருக்கிறவன் அங்க முதல் மலையிலயே பின்தங்கி, குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்காம டைம் கட்டுல வெளிய போறது சர்வ சாதாரணம். உங்களுக்கும் தெரிஞ்சுடும், இந்த வேலையை வருஷம் பூரா செய்ய மனசும் உடம்பும் இருக்கான்னு. அதுக்கு ஆகுற செலவு முழு டீமோட செலவுல அஞ்சுல ஒரு பங்கு கூட வராது.

அடுத்து காலண்டர். இதுலதான் சின்ன டீம் பொழைக்கிறதும் சாகுறதும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஐரோப்பாலதான் நிஜமான சைக்கிளிங்னு எல்லாரும் ஓடுவாங்க, பெல்ஜியத்துல ஒரு வீடு எடுத்து, வேன் வாங்கி, வாரா வாரம் ரேஸ்னு கனவு. அது தப்பில்ல, அயர்லாந்தோட பழைய சைக்கிளிங் சாம்பியன் ஷான் கெல்லி 2006ல இருந்து 2017 வரைக்கும் அப்படித்தான் பெல்ஜியத்துல வீடு போட்டு ஒரு கான்டினென்டல் டீம் நடத்தினாரு, ஐரிஷ் தபால் துறை ஆன் போஸ்ட் ஸ்பான்சர், அந்த டீம்ல வளந்த சாம் பென்னட் பின்னாடி 2020 டூர் டி ஃபிரான்ஸ்ல புள்ளிப் பட்டியல்ல முதல் ஆளா வந்து பச்சை ஜெர்சி வாங்கினான். ஆனா அவங்களுக்கு ஒரு நாட்டோட தபால் துறை பின்னால நின்னுச்சு, உலகத்துல அத்தனை ஆர்கனைசருக்கும் தெரிஞ்ச பேர் முன்னால நின்னுச்சு. உங்களுக்கு ரெண்டும் இல்ல. ஐரோப்பால ரேஸ் வாசல்ல நூறு டீம் நிக்குது, புது டீமுக்கு அழைப்பு வர்றது கஷ்டம், வந்தாலும் வீட்டு வாடகை, டீசல், டோல், சாப்பாடுன்னு தினமும் காசு ஓடும்.

ஆசியாலயும் ஆப்பிரிக்காலயும் கதை வேற. இங்க நிறைய ஸ்டேஜ் ரேஸ் அரசாங்கக் காசுல, டூரிசத்துக்காக நடக்குது. இந்தோனேசியால பன்யுவாங்கி மாவட்டம் டூர் டி ஈஜென்னு நடத்துறது தன்னோட எரிமலையை உலகத்துக்குக் காட்டத்தான், மேற்கு சுமத்ராவுல டூர் டி சிங்காரக் வந்ததும் அப்படித்தான். அவங்களுக்கு வேண்டியது பல நாட்டுக் கொடி. அதனால டீம் அந்த ஊர் ஏர்போர்ட்ல இறங்கின நிமிஷத்துல இருந்து திரும்ப ஏத்தி விடுற வரைக்கும் ஹோட்டல், மூணு வேளை சாப்பாடு, பஸ், லாரி, டீம் கார், சில இடத்துல டிரைவர் கூட ஆர்கனைசர் பொறுப்புல வரும். நல்ல ரேஸா இருந்தா ஃப்ளைட் காசுலயும் ஒரு பங்கு குடுப்பாங்க. அப்படின்னா பத்து நாள் ரேஸுக்கு உங்க செலவு டிக்கெட்டும் ஸ்டாஃப் சம்பளமும் மட்டும்தான். ஐரோப்பாலயிருந்தே சின்ன டீம்கள் சீனாவுக்கும் மலேசியாவுக்கும் ஓடி வர்றதுக்குக் காரணம் இதுதான்.

எந்த ரேஸ் எந்த அளவுன்னு புரிஞ்சு எடுங்க. டூர் டி லங்காவி 1996ல இருந்து நடக்குது, இப்ப 2.1க்கும் மேல இருக்கிற ப்ரோ சீரிஸ் தரம், வேர்ல்ட் டீம்களே வரும், புது டீம் அதுக்கு ஆசைப்படக் கூடாது. சீனால டூர் ஆஃப் சிங்ஹாய் லேக் 2002ல ஆரம்பிச்சது, 3000 மீட்டருக்கு மேல ஓட்டணும், கடல் மட்டத்துல பயிற்சி எடுத்த பசங்களை நேரா அங்க கூட்டிட்டுப் போனா ரெண்டு நாள்ல பாதிப் பேர் வீட்டுக்கு வந்துடுவாங்க. டூர் ஆஃப் ஜப்பான்ல மவுன்ட் ஃபூஜி ஸ்டேஜ்னு ஒண்ணு, கடைசில வர்ற மலை 11 கிலோமீட்டர் சொச்சம்தான், சராசரியே 10 சதவீத ஏத்தம், நடுவுல 22 வரைக்கும் போகும், உங்க டீம்ல ஏறுற ஆள் இல்லன்னா அந்த ஒரு ஸ்டேஜோட மொத்த ரேஸும் முடிஞ்சுது. ஆப்பிரிக்காவுல டூர் டு ருவாண்டா 2009ல யூசிஐ காலண்டருக்கு வந்துச்சு, 2019ல இருந்து 2.1, சாலை அருமையா இருக்கும், சனம் லட்சக்கணக்குல வந்து நிக்கும், ஆனா சமதளம்னு ஒண்ணு கிடையாது. உங்ககிட்ட ஸ்ப்ரின்டர், அதாவது கடைசி சில நூறு மீட்டர்ல பாயுற ஆள்தான் இருக்கான்னா தாய்லாந்து, ஹைனான் மாதிரி தட்டையான ரேஸ் தேடுங்க. கைல இருக்கிற ரைடரைப் பாத்து ரேஸை எடுக்கணும், ரேஸ் பேரைப் பாத்து எடுக்கக் கூடாது.

அப்பறம் ரேஸ்களை ஜோடி சேருங்க. ஜப்பானுக்கு டிக்கெட் போட்டா டூர் ஆஃப் ஜப்பானும் அதை ஒட்டி வர்ற டூர் டி குமானோவும் சேத்து முடிச்சுட்டு வரணும். நடுவுல ஒரு வாரம் காலியா இருந்தா அந்த வாரத்துக்கு தங்குறதுக்கு ஏதாவது பள்ளிக்கூட ஹாஸ்டல், ட்ரெய்னிங் சென்டர் கிடைக்குமான்னு உள்ளூர் க்ளப்கிட்ட கேளுங்க, சைக்கிள் ஓட்டுறவங்க எந்த நாட்டுலயும் உதவுவாங்க, அனுபவத்துல சொல்றேன். அழைப்பு கேட்டு எழுதுற கடிதத்துல நாங்க பெரிய கனவோட வர்றோம்னு எழுதாதீங்க. என்ன நாடு, யார் யார், போன வருஷ ரிசல்ட், எத்தனை ரைடர் எத்தனை ஸ்டாஃப், எந்த ஏர்போர்ட், நேரத்துக்கு பதில் சொல்லுவோம், அவ்வளவுதான், ஒரு பக்கம். ஒத்துக்கிட்டா கண்டிப்பா போங்க, பேர் குடுத்துட்டு வராம போன டீமுக்கு விதிப்படி அபராதமும் உண்டு, அதை விட மோசம், ஆர்கனைசர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க.

இப்ப காசு. வேர்ல்ட் டீம் பட்ஜெட் கோடிக்கணக்கான யூரோ, அதைப் பாத்து மலைக்க வேண்டாம். பத்து ரைடர், வருஷம் எட்டு வெளிநாட்டுப் பயணம், நாப்பது ரேஸ் நாள்னு வெச்சு நான் போடுற தோராயக் கணக்கு இது. ஒரு பயணத்துக்கு ஆறு ரைடர் மூணு ஸ்டாஃப், ஒன்பது டிக்கெட், ஆளுக்கு 500 யூரோன்னா 4500, எட்டு தடவைக்கு 36000, சைக்கிள் லக்கேஜுக்கு மேல ஒரு 5000. ஸ்டாஃபுக்கு நாள் கூலி 125 யூரோன்னு மூணு பேருக்கு எண்பது நாள், 30000. பன்னெண்டு சைக்கிள் டீம் விலைக்கு 3000 வீதம் 36000, டயர் செயின் பிரேக் பேட் மாதிரி தேயுற சாமான் 10000, துணிமணி 10000. இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஃபெடரேஷன் ஃபீஸ், அக்கவுன்டன்ட் எல்லாம் சேத்து 12000. ரைடருக்கு மாசம் வெறும் 500 யூரோ குடுத்தா கூட பத்து பேருக்கு வருஷம் 60000. மொத்தம் ரெண்டு லட்சம் யூரோ பக்கம் வந்து நிக்குது. இதுக்கு மேல பதினஞ்சு சதவீதம் கைல தனியா வெக்கணும், ஏன்னா ஒரு பெரிய க்ராஷ்ல மூணு சைக்கிள் ஒரே நாள்ல உடையும், ஒரு ஃப்ளைட் ரத்தானா ஒன்பது பேருக்கு புது டிக்கெட். க்ளப் பேர்ல மூணு ரேஸ் மட்டும், பசங்க சொந்த சைக்கிள்ல, ஸ்டாஃப் நண்பர்கள், அப்படின்னா 25000ல இருந்து 35000க்குள்ள முடிக்கலாம்.

பரிசுப் பணத்தை வரவுல எழுதவே எழுதாதீங்க. 2.2 ரேஸ்ல ஒரு ஸ்டேஜ் ஜெயிச்சா சில நூறு யூரோ வரும், அதுவும் மாசக்கணக்கா லேட்டா வரும், அது ரைடர்களும் ஸ்டாஃபும் பங்கு போட்டுக்க வேண்டிய காசு. ஐபிஎல்ல டிவி காசை அணிகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற மாதிரி ஏற்பாடு சைக்கிளிங்ல இல்ல, ரோட்டுல நடக்குறதால டிக்கெட் வசூலும் இல்ல. ஸ்பான்சர் இல்லன்னா சாப்பாடு இல்லங்கிறது மேல் தட்டு டீமுக்கே பொருந்தும். 2021ல இத்தாலியோட பெரிய ரேஸான ஜிரோ டி இட்டாலியால தென்னாப்பிரிக்காவோட க்யூபெக்கா டீம் மூணு ஸ்டேஜ் ஜெயிச்சுது, மௌரோ ஷ்மிட், ஜியாகோமோ நிட்சோலோ, விக்டர் கம்பனார்ட்ஸ். அந்த வருஷக் கடைசில ஸ்பான்சர் இல்லாம வேர்ல்ட் டீம் லைசென்ஸே போச்சு. அதே டீம் 2015ல ஆப்பிரிக்கால பதிவான முதல் டீமா டூர் டி ஃபிரான்ஸ் ஓட்டி, மண்டேலா தினத்தன்னைக்கு ஸ்டீவ் கம்மிங்ஸ் மூலமா ஸ்டேஜ் ஜெயிச்ச டீம். ரிசல்ட் வந்தா காசு தானா வரும்னு நம்புறவங்க இந்த ஒரு கதையைப் படிச்சா போதும்.

அப்ப ஸ்பான்சர் எதுக்குக் காசு குடுப்பான்? உங்க டீம் எதுக்காக இருக்குங்கிறதுக்கு ஒரு வரில பதில் இருந்தா குடுப்பான். டீம் நோவோ நார்டிஸ்க்ல எல்லா ரைடரும் சர்க்கரை நோய் இருக்கிறவங்க, இன்சுலின் விக்கிற கம்பெனி ஸ்பான்சர், பத்து வருஷத்துக்கு மேலா ஓடுது. மலேசியால தெரெங்கானு டீம் அந்த மாநில அரசோட பேர்லயே ஓடுது, மாநிலப் பசங்களுக்கு வழி, மாநிலத்துக்கு விளம்பரம். ஜப்பான்ல டீம் உக்யோ, முன்னாள் ஃபார்முலா ஒன் டிரைவர் கத்தயாமா உக்யோ 2012ல ஆரம்பிச்சது, அவரோட பேரே கதவைத் திறக்கும். ஜெர்மனில பைக் எய்ட்னு ஒரு டீம், எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு தர்ம சங்கமா ஆரம்பிச்சு 2014ல கான்டினென்டல் ஆச்சு, எரித்ரியா, கென்யா, நமீபியா ரைடர்களுக்கு இடம் குடுத்துச்சு, மெக்செப் டெபெசாய் அங்க ஓட்டி வேர்ல்ட் டீமுக்குப் போனான். பாருங்க, ஒண்ணுல கூட நாங்க வேகமா ஓட்டுவோம்ங்கிறது காரணமா இல்ல. உங்க காரணம் என்னன்னு உக்காந்து யோசிங்க, அது நிஜமா இருக்கணும், நோட்டீஸ்ல போடுறதுக்காக இட்டுக்கட்டினது ஒரு வருஷம் தாங்காது.

உங்களுக்கு ஏத்த ஸ்பான்சர், நீங்க ஓட்டப் போற நாடுகள்ல வியாபாரம் பண்ற நடுத்தரக் கம்பெனி. மலேசியாலயும் தாய்லாந்துலயும் கிளை இருக்கிறவங்களுக்கு அங்க டீம் வர்ற அன்னைக்கு டீலர்களைக் கூப்பிட்டு விருந்து வெக்கலாம், ரைடர்களோட காலையில ஒரு மணி நேரம் ஓட்டலாம், டீம் கார்ல உக்காந்து ஸ்டேஜ் பாக்கலாம். டீம் கார்ல உக்காந்து ஒரு நாள் பாத்த முதலாளி அடுத்த வருஷமும் குடுப்பாரு, நான் பாத்த வரைக்கும் எந்த ப்ரசன்டேஷனும் அந்த வேலையைச் செஞ்சதில்ல. ஒருத்தரையே முழுசா நம்பாம ரெண்டு மூணு பேரா பிரிங்க. பாதிக் காசு சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மீதி காலாண்டுக்கு ஒரு தடவைன்னு கான்ட்ராக்ட்ல எழுதுங்க.

வேற வியாபாரம் வெச்சு அந்த லாபத்துல டீமை ஓட்டலாம்னு சிலர் நினைப்பாங்க. அயர்லாந்தோட அக்வா ப்ளூ ஸ்போர்ட் 2017ல அப்படித்தான் வந்துச்சு, ஆன்லைன்ல சைக்கிள் சாமான் விக்கிற தளம், அதோட வருமானத்துல டீம். யோசனை நல்லாத்தான் இருந்துச்சு, முதல் வருஷமே ஸ்பெயினோட பெரிய ரேஸான வுவெல்டாவுக்கு அழைப்பு. 2018 ஆகஸ்ட் கடைசில, டூர் ஆஃப் பிரிட்டன் ஆரம்பிக்க ஒரு வாரம் கூட இல்லாதப்ப டீமையே மூடிட்டாங்க. அந்த நேரத்துல மத்த டீம்லயெல்லாம் இடம் நிரம்பி இருக்கும். அந்த டீம் ரைடர்கள் லாரி வார்பாஸும் கோனர் டன்னும் ரேஸ் இல்லாமப் போனதால சைக்கிள்ல பையைக் கட்டிக்கிட்டு ஆல்ப்ஸ் பக்கம் சொந்தமா சுத்தப் போய், அதுக்கு நோ கோ டூர்னு பேர் வெச்சாங்க. 2022 டிசம்பர்ல ஃபிரான்ஸ்ல பி அண்ட் பி ஹோட்டல்ஸ் டீமுக்கும் இதே கதி, புது ஸ்பான்சர் வருது வருதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு, ஆள் சேக்குற நேரமெல்லாம் தாண்டின அப்பறம் இல்லன்னுட்டாங்க. நான் வேலை பாத்த ஒரு சின்ன டீம்லயும் ஜூலைக்கு மேல சம்பளம் வரல, பசங்க வெளிய சொன்னா அடுத்த வருஷம் யாரும் எடுக்க மாட்டாங்களோன்னு பயந்து வாயைத் திறக்கல. அதனாலதான் முதல்லயே அவ்ளோ அழுத்திச் சொன்னேன்.

சம்பளம் பத்தி ஒண்ணு. கான்டினென்டல் மட்டத்துக்கு யூசிஐ குறைஞ்சபட்ச சம்பளம்னு எதுவும் வெக்கல, நாட்டு ஃபெடரேஷன் வெச்சிருந்தா உண்டு. அதனால உலகம் பூரா இந்தத் தட்டுல சம்பளமே இல்லாம ஓட்டுறவங்க ஏராளம். உங்களால மாசச் சம்பளம் குடுக்க முடியலன்னா அதை முதல் நாளே நேரா சொல்லுங்க, ஆனா ரேஸ் செலவு ஒரு பைசா அவன் கைலயிருந்து போகக் கூடாது, அடிபட்டா ஆஸ்பத்திரியும் ஊருக்குத் திரும்பக் கொண்டு வர்ற செலவும் இன்சூரன்ஸ்ல இருக்கணும். ரைடர்கிட்டயே காசு வாங்கிட்டு, இல்லன்னா அவன் அப்பாவோட கடையை ஸ்பான்சரா கொண்டு வரச் சொல்லிட்டு இடம் குடுக்கிற பழக்கம் இத்தாலில பெரிய சர்ச்சையாவே ஆச்சு. அந்த வழில போகாதீங்க, காசு இருக்கிறவன் உள்ள வருவான், கால் இருக்கிறவன் வெளிய நிப்பான்.

ரைடர் தேர்வுல பத்துல ரெண்டு பேராவது இந்த ரேஸ்களை ஏற்கனவே ஓட்டின அனுபவசாலியா இருக்கணும், மத்தவங்க 23 வயசுக்குக் கீழ. பெரிய டீம்ல இடம் கிடைக்காம போன முப்பது வயசு ஆள் ஆசியால நல்லா ஓட்டுறதைப் பாக்கலாம், பென் டைபால் 2019ல மலேசிய டீமான சபுராவுக்கு ஓட்டி லங்காவி ஜெயிச்சு, அடுத்த வருஷமே வேர்ல்ட் டீம் கான்ட்ராக்ட் வாங்கினான். அந்த மாதிரி ஒருத்தர் சாப்பாட்டு மேசைல சொல்லிக் குடுக்கிறதை எந்த கோச்சாலயும் சொல்லித்தர முடியாது.

ஸ்டாஃப்ல மூணு பேர் இல்லாம முடியாது, கார்ல உக்காந்து ரேஸை நடத்துற டைரக்டர், மெக்கானிக், அப்பறம் ஸ்வான்யேன்னு சொல்றவர், மசாஜ், பாட்டில், சாப்பாட்டுப் பை, துணி துவைக்கிறது எல்லாம் அவர் தலைல. ஆசிய வெயில்ல ஒரு ரைடர் ஒரு ஸ்டேஜ்ல எட்டு பத்து பாட்டில் குடிப்பான், ஆறு பேருன்னா அறுபது பாட்டில் முதல் நாள் ராத்திரியே கழுவி நிரப்பி ஐஸ்ல இருக்கணும். பிராண்டு ஜெல் வாங்கிக் கட்டுப்படியாகாது, ஜெல்லுல இருக்கிற அதே மாவுச்சத்து, சர்க்கரைப் பொடிதான், மால்டோடெக்ஸ்ட்ரினும் ஃப்ரக்டோஸும், அதை மூட்டையா வாங்கி உப்பு சேத்து நீங்களே கலக்கலாம், குழைய வெச்ச சோறுல சீஸும் சர்க்கரையும் போட்டு தட்டி ஃபாயில்ல சுத்துற ரைஸ் கேக்கை வேர்ல்ட் டீம்லயே இன்னும் செய்றாங்க. நல்ல ஸ்வான்யே கிடைச்சா ரைடரை விட அவரைப் பத்திரமா வெச்சுக்கங்க.

சைக்கிள் பத்திக் கேட்டிருந்தீங்க. யூசிஐ அனுமதி ஸ்டிக்கர் இருக்கிற ஃப்ரேம், 6.8 கிலோவுக்குக் குறையாத எடை, இது ரெண்டும் இருந்தா போதும், அரைக் கிலோ குறைக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க. எல்லாரும் போடுற கியர் செட்டைப் போடுங்க, அப்பத்தான் எல்லா டீமுக்கும் பொதுவா வர்ற நியூட்ரல் சர்வீஸ் கார்ல இருந்து வீல் வாங்கினா உக்காரும், பக்கத்து டீம் மெக்கானிக்கிட்ட ஒரு சின்ன சாமான் கடன் கேக்க முடியும். அக்வா ப்ளூ 2018ல முன்னாடி பெடல் பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம் இருக்கிற வித்தியாசமான சைக்கிளை எடுத்து, ரைடர்களே வெளிப்படையா குறை சொல்ற அளவுக்குப் போச்சு. சின்ன டீமுக்கு யாரும் சும்மா சைக்கிள் தர மாட்டாங்க, டீம் விலைக்கு வித்துட்டு அதையே ஸ்பான்சர்ஷிப்னு சொல்லுவாங்க, பரவால்ல, வருஷக் கடைசில வித்து பாதிக் காசைத் திரும்ப எடுக்கலாம்னு கான்ட்ராக்ட்ல போட்டுக்கங்க.

பேப்பர் வேலைல ரெண்டு விஷயம் டீம்களைக் கவுக்கும். ஒண்ணு கஸ்டம்ஸ். ஒன்பது பேர் இருபது பெட்டியோட இறங்கினா இது விக்கிறதுக்கான்னு கேப்பான், ஏடிஏ கார்னெட்னு ஒரு ஆவணம் சேம்பர் ஆஃப் காமர்ஸ் மாதிரி அமைப்புகள்ல கிடைக்கும், தற்காலிகமா கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வர்றோம்னு உறுதி, அதுல ஒவ்வொரு ஃப்ரேமோட சீரியல் நம்பரும் இருக்கணும், திரும்ப வரும்போது ஒண்ணு குறைஞ்சாலும் வரி கட்டணும். எல்லா நாடும் ஏத்துக்காது, போற நாட்டைப் பாத்துக்கங்க. இன்னொண்ணு விசா. ஐரோப்பா போற திட்டம் இருந்தா ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போற ஐரோப்பிய நாடுகள்ல, 180 நாளுக்கு 90 நாள்தான், நம்ம மாதிரி பாஸ்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாசக்கணக்கு ஆகும், ஆப்பிரிக்க ரைடர்கள் விசா கிடைக்காம ரேஸைத் தவற விட்டது அவ்ளோ நடந்திருக்கு. ரேஸ் முடிவான அன்னைக்கே அழைப்புக் கடிதம் கேளுங்க, ஆறு பேருக்கு வேணும்னா எட்டு பேருக்கு விசா போடுங்க, ரேஸுக்கு 72 மணி நேரம் முன்னாடிதான் கடைசிப் பட்டியல் உறுதியாகும், ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா மாத்த ஆள் வேணும்.

ஊக்கமருந்து விஷயத்துல சின்ன டீம்னு சலுகை கிடையாது. ரத்த அளவுகளை வருஷக்கணக்கா பதிஞ்சு கண்காணிக்கிற பயலாஜிக்கல் பாஸ்போர்ட் மேல் ரெண்டு தட்டுக்குத்தான் கட்டாயம், ஆனா ரேஸ்ல சோதனை எல்லாருக்கும் உண்டு. 2011ல இருந்து சரியான மருத்துவக் காரணம் இல்லாம ஊசி போடுறதுக்கே தடை இருக்கு, குளுக்கோஸ் ஏத்துறது உள்பட. ஒரு பையன் தெருக்கடைல வாங்கின சப்ளிமென்ட் டப்பாவால மொத்த டீமும் காலி ஆகலாம், அதனால டீம் குடுக்காத எதையும் வாய்ல வெக்கக் கூடாதுன்னு எழுதி வாங்குங்க. சீனாவுக்குப் போனா கறி விஷயத்துல ரொம்ப கவனம். மைக்கேல் ரோஜர்ஸ்னு ஒரு ரைடர் 2013ல ஜப்பான் கப் ரேஸை ஜெயிச்சு, க்ளென்புட்டரால்ங்கிற தடை மருந்துக்கு பாசிட்டிவ் ஆனாரு, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி சீனால சாப்பிட்ட இறைச்சிதான் காரணமா இருக்கும்னு யூசிஐ பின்னாடி ஏத்துக்கிச்சு, ஆனா அது வரைக்கும் மாசக்கணக்குல ஓட்ட முடியாமத்தான் இருந்தாரு, வெற்றியும் போச்சு. அங்க முட்டை, மீன், சோறு, வெளிக்கடை பக்கமே போகக் கூடாது.

ஃபெடரேஷன்கிட்ட போகும்போது ஒரு பிடி இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப்ல ஒரு நாட்டுக்கு எத்தனை இடம்ங்கிறது ரைடர்கள் சேக்குற யூசிஐ புள்ளிய வெச்சு முடிவாகுது, சின்ன ரேஸ்ல கிடைக்கிற புள்ளியும் கணக்குல வரும். நாங்க வருஷம் நாப்பது நாள் யூசிஐ ரேஸ் ஓட்டுறோம், அந்தப் புள்ளி நாட்டுக்கு வருதுன்னு காகிதத்துல காட்டினா பேச்சு மாறும், சில சமயம் டிக்கெட் காசு கூட கிடைக்கும்.

இப்ப உங்க நிலைமைக்கு, அடுத்த பன்னெண்டு மாசத்துல நான் செய்யச் சொல்றது: இந்த வாரம் ஃபெடரேஷன்ல விதிமுறை வாங்குங்க, க்ளப்பைச் சட்டப்படி பதிவு பண்ணி தனி பேங்க் அக்கவுன்ட் திறங்க, பக்கத்துல நடக்குற மூணு 2.2 ரேஸ் தேர்ந்தெடுத்து கடிதம் போடுங்க, 30000 யூரோ அளவுக்கு ரெண்டு ஸ்பான்சர்கிட்ட பேசுங்க, அதுல ஒருத்தரையாவது ரேஸுக்குக் கூட்டிட்டுப் போய் கார்ல உக்கார வைங்க. கான்டினென்டல் பதிவெல்லாம் அடுத்த வருஷத்துக்காக முந்தின வருஷக் கடைசி மாசங்கள்லயே முடிஞ்சுடும், அதனால செப்டம்பர் கடைசியை உங்களுக்கே ஒரு கெடுவா வெச்சுக்கங்க. அந்தத் தேதிக்கு முழு வருஷக் காசுக்கும் கையெழுத்து ஆகலன்னா இன்னொரு வருஷம் க்ளப்பாவே ஓட்டுங்க, பசங்ககிட்டயும் அன்னைக்கே சொல்லிடுங்க, அப்பத்தான் வேற டீம்ல இடம் தேட அவங்களுக்கு நேரம் இருக்கும்.